எம்.எல். பொத்தான் வைத்த 10 கிலோ தராசு: தேனும் எண்ணெயும் குப்பியில் நிரப்புகிறவர்கள் கவனிக்க

மார்த்தாண்டம், குழித்துறை பக்கத்துப் பாத்திரக் கடைகளில் கிடைக்கிற சமையலறை டிஜிட்டல் தராசு. பெயர் தெரியாத கம்பெனி, இரண்டு பென்சில் பேட்டரி, 1 கிராம் வரை காட்டும். கொடுக்கிற காசுக்கு நல்ல சாமான். வம்பு எல்லாம் அந்த எம்.எல். பொத்தானில்தான்.

அது கொள்ளளவை அளப்பதே இல்லை. தட்டில் இருப்பது தண்ணீர் என்று தானாகவே முடிவு கட்டி, கிராம் எண்ணையே எம்.எல். என்று காட்டுகிறது. 750 எம்.எல். காட்டும்வரை தேன் ஊற்றினால் குப்பியில் இருப்பது சுமார் 532 எம்.எல்.தான், வாங்குகிறவர் சண்டைக்கு வருவார். தேங்காய் எண்ணெயில் நேர்மாறு: 750 காட்டும்போது 820 எம்.எல். போயிருக்கும், நட்டம் விற்கிறவருக்கு.

கிராமில் வைத்துக் குப்பியின் அளவைக் கண்டுபிடிக்க இதே தராசு அருமையாக உதவும். காலிக் குப்பி 420 கிராம், கழுத்துக் கோடுவரை தண்ணீர் நிரப்பினால் 1166 என்றால், தண்ணீர் 746 கிராம். அதை 0.995-ஆல் வகுத்தால் 750 எம்.எல். ஒன்றால் ஏன் வகுக்கவில்லை என்றால், லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கு 4 டிகிரித் தண்ணீருக்குத்தான் பொருந்தும். நம்மூர் 30 டிகிரியில் லிட்டர் 995.7 கிராம், காற்று எந்தப் பொருளையும் சற்றே மேலே தாங்குவதால் (மிதப்பு) இன்னொரு கிராம் குறைந்து காட்டும். லிட்டர் தண்ணீருக்கு 995 காட்டுகிறது என்று தராசைத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் பலசரக்குக் கடையில் முத்திரை குத்திய 1 கிலோ எடைக்கல்லை வைத்துப் பாருங்கள்.

ஒரு எம்.எல். தேன் 1.41 கிராம், தேங்காய் எண்ணெய் 0.915 கிராம்; அந்த 750-ஐ 1.41-ஆல் பெருக்கினால் தேன் 1057 கிராம், 0.915-ஆல் பெருக்கினால் எண்ணெய் 686 கிராம். 1.41 என்பது ஈரம் 20 சதவீதத்துக்குள் உள்ள தேனுக்கு. பதப்படுத்தாத ரப்பர்த் தோட்டத்துத் தேனில் ஈரம் கூடுதலாக இருக்கும், 1.38 பக்கம் இறங்கிவிடும். ரப்பர் பாலின் கெட்டியை இதில் பார்க்கலாமா என்றால், வேண்டாம். அது தண்ணீரைவிடக் கொஞ்சமே லேசு; பாலில் மிதக்கவிட்டுக் கெட்டியைப் பார்க்கும் மெட்ரோலாக் கருவிதான் சரி.

கையாளும்போது வரும் தொல்லைகள் வேறு. தொடாமல் விட்டால் சில நிமிடத்தில் அணைந்துவிடும். தேன் நூலாக இறங்கி முடிவதற்குள் டேர் (காலிக் குப்பியின் எடையைக் கழித்துப் பூஜ்யமாக்கி வைத்தது) போய்விடும். அதனால் காலிக் குப்பியின் எடையை முதலிலேயே அதன்மேல் எழுதிவிடுங்கள். சொட்டுச் சொட்டாக ஊற்றினாலும் ஆபத்துதான்: சிறு மாற்றத்தைப் பூஜ்யத்தின் நகர்வு என்று எண்ணி, சில தராசுகள் அதை அமுக்கிவிடும். குப்பியை எடுத்துவிட்டு, காலித் தட்டில் பூஜ்யமாக்கி மறுபடி வைத்தால் சரியான எண் வரும். அகலப் பாத்திரம் வைத்தால் திரை மறையும். பேட்டரி இறங்கினால் எண் நிலைக்காமல் ஆடும், அந்த நேரத்து அளவை நம்பாதீர்கள்.

தட்டின் ஓரத்தில் வழியும் தேன் உள்ளே இறங்கினால் எடை உணரும் பாகம் ஒட்டிக்கொள்ளும். பாலிதீன் தாள் ஒன்றைப் போர்த்திவிட்டுப் பிறகு டேர் அழுத்துங்கள். கடையில் நிறுத்து விற்க இது ஆகாது. அதற்குத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு முத்திரையிட்ட தராசு வேண்டும், இதில் அந்த முத்திரை கிடையாது.