காட்பாடியில் ரயில் ஏறினால் எந்தத் திசை? ஹம்பி, ராஜஸ்தான், மேகாலயா: ஓர் ஒப்பீடு

வேலூர் வட்டாரத்தில் ஒரு குடும்பம் தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு வாரம் போய்வரத் தீர்மானித்தால், முதலில் வரும் பேச்சு டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்றுதான் இருக்கிறது. டிராவல்ஸ்காரர்களின் நோட்டீஸிலும் அதுவே முதல் வரி. இவ்வளவு பெரிய நாட்டில் எல்லோரும் ஒரே மூன்று ஊர்களுக்குப் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஊரின் புகழை மட்டும் பார்க்காமல், நமக்கு விடுமுறை கிடைக்கும் மாதம், காட்பாடியிலிருந்து அங்கே போய்ச்சேரும் வசதி, உடன் வரும் பெரியவர்களின் முழங்கால் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால் வரிசை மாறிவிடும் என்பது என் கருத்து.

முதலில் கர்நாடகத்தின் ஹம்பியும் பாதாமியும். வேலூர்க்காரர்களுக்கு இந்தப் பயணம் அந்நியமான ஒன்றே அல்ல. நம் கோட்டையும் அதனுள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் கீழ் இருந்த நாயக்கர் காலத்தவை. 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றுத் தலைநகரான ஹம்பியை இழந்த பிறகு, அந்த அரசின் கடைசி மரபினரான ஆரவீட்டு மன்னர்கள் பெனுகொண்டா, சந்திரகிரி என்று இடம் மாறி, முடிவில் வேலூரில் இருந்தும் ஆண்டார்கள். ஆகவே நம் கோயிலின் கல்யாண மண்டபத்தில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் பார்த்துப் பழகிய கண், ஹம்பியின் விட்டலர் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அதே கைவேலையின் தாய்வீட்டை அடையாளம் கண்டுகொள்ளும். அங்குள்ள கல் தேரின் முன்னால் இரண்டு யானைகள் நிற்கின்றன. சற்றுக் குனிந்து அவற்றின் பின்புறம் பார்த்தால், முன்பு அங்கே இருந்த குதிரைகளின் பின்னங்கால்களும் வாலும் மிஞ்சியிருப்பது தெரியும். யானைகள் பிற்காலத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்டவை. படம் எடுத்துக்கொண்டு உடனே நகர்ந்துவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

பாதாமி வரை போகாமல் ஹம்பியோடு திரும்புவது பாதிப் பயணம் என்றே சொல்வேன். ஹம்பிக்கு அருகில் ரயில் நிற்கும் ஊரான ஹோஸ்பேட்டிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊர்தான் நம் வரலாற்றுப் பாடத்தில் வரும், சாளுக்கியரின் தலைநகரான வாதாபி. 642இல் பல்லவன் நரசிம்மவர்மன் இதைக் கைப்பற்றியதற்கு அவன் கல்வெட்டே இங்கே சான்றாக இருக்கிறது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது, ஊரை அழிக்காமல், கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்து, அந்தச் செய்தியைக் கன்னடத்தில் அங்கேயே பொறித்து வைத்தான். அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி எழுப்பிய விருபாட்சர் கோயில், பாதாமியிலிருந்து 22 கிலோமீட்டரில் உள்ள பட்டதக்கல்லில் நிற்கிறது. காஞ்சிபுரம் நமக்குப் பேருந்தில் போய் அன்றே திரும்பும் தூரம்தான். முதலில் காஞ்சியையும் பிறகு பட்டதக்கல்லையும் பார்ப்பவருக்கு, பகைவரின் கோயிலைப் பார்த்து வியந்து அதே போல் தன் ஊரிலும் கட்டிக்கொண்ட ஒரு காலம் கண்முன் வந்து நிற்கும். இந்த அனுபவத்தை வேறு எந்த மாநிலமும் நமக்கு இவ்வளவு அருகில் தராது.

வழியும் எளிது. காட்பாடியிலிருந்து பெங்களூரு போய், இரவில் ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹோஸ்பேட்டில் இறங்கலாம். இட்லியும் தயிர்ச்சோறும் கிடைக்கும். விட்டலர் கோயில் வரை பேட்டரி வண்டி ஓடுகிறது. குறை வெயில்தான். பாறைகள் சூழ்ந்த இடம் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயிலிலிருந்து தப்பித்து அங்கே போவதில் பொருளே இல்லை.

ராஜஸ்தானை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2013இல் சித்தோர்கர், கும்பல்கர், ஜெய்சால்மர் உள்ளிட்ட ஆறு கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஜெய்சால்மர் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சைவ உணவுக்கும் அங்கே குறைவில்லை. ஆனால் பரப்பில் அது தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஜெய்ப்பூரிலிருந்து ஜோத்பூர் 330 கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து ஜெய்சால்மர் இன்னும் 280 என்று கணக்குப் போட்டால், ஒரு வாரத்தில் பாதி வண்டியிலேயே கழிந்துவிடும். அங்கே போய்ச்சேரவே பெரும்பாலும் நாம் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. அங்கேதான் போவது என்றால் உதய்பூரையும் சித்தோர்கரையும் மட்டும் நிதானமாகப் பாருங்கள். மொத்த மாநிலத்தையும் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லும் பேக்கேஜை எடுக்காதீர்கள்.

மேகாலயாவின் கதை வேறு. வரைபடத்தில் மிகத் தொலைவில் தெரிந்தாலும், நமக்கு அதற்கு நேரடி வழி இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆண்டு முழுவதும் நோயாளிகள் வந்தபடி இருப்பதால், வங்க மொழிப் பலகைகள் நம் தெருக்களில் பழகிப்போனவை, அவர்களை ஏற்றிவரும் ரயில்களும் காட்பாடியில் நிற்கின்றன. கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் இடையே 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் அவற்றில் ஒன்று. அதில் குவாஹாட்டியில் இறங்கி, சுமார் 100 கிலோமீட்டர் சாலையில் போனால் ஷில்லாங். ரயிலிலேயே போக இரண்டு நாளுக்கு மேல், வரவும் அதே அளவு என்பதால், பத்து நாளுக்குக் குறைவாக விடுப்பு இருப்பவர்கள் ஒரு பக்கமாவது விமானத்தில் போவது நல்லது.

அங்கே காண வேண்டியவை வேர்ப்பாலங்கள். ஆற்றோரம் நிற்கும் ரப்பர் அத்தி மரத்தின் விழுதுகளைக் குடைந்த பாக்கு மரத்தண்டுக்குள் செலுத்தி அக்கரை வரை இழுத்து, மண்ணில் ஊன்றவிட்டு, ஆண்டுக்கணக்கில் பின்னிப் பின்னி அங்குள்ள காசி (Khasi) பழங்குடி மக்கள் அவற்றை வளர்க்கிறார்கள். நட்டவர் நடக்காவிட்டாலும் பேரன் நடப்பான் என்ற பொறுமை அதில் இருக்கிறது. நொங்ரியாத் கிராமத்து இரட்டை அடுக்குப் பாலத்துக்கு ஏறத்தாழ 3,500 படிகள் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். சோளிங்கர் மலையின் 1,305 படிக்கே மூச்சு வாங்குகிறவர்களை அங்கே அழைத்துப் போகக்கூடாது. ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் சிரபுஞ்சி வட்டாரம் அது; ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர்த்து, அக்டோபர், நவம்பரில் போவதே சரி. சுத்த சைவர்களுக்கு ஷில்லாங்கைத் தாண்டினால் சாப்பாடு சற்றுச் சிரமம்.

வீட்டில் பாட்டி “காசிக்கு எப்பப்பா கூட்டிப் போவே?” என்று கேட்டுக்கொண்டிருந்தால், இந்த ஒப்பீட்டையே ஒதுக்கிவிட்டு முதலில் காசிக்குப் போங்கள். காட்பாடி வழியாகச் செல்லும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸில் காசிக்கு அருகிலுள்ள முகல்சராயில், அதாவது இன்றைய தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷனில் இறங்கிக்கொள்ளலாம். டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் மட்டும் வேண்டாம். மூடுபனியில் வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், பெரியவர்களால் அந்தக் குளிரைத் தாங்க முடியாது.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு என் பரிந்துரை இதுதான்: காலாண்டு விடுமுறையிலோ அரையாண்டு விடுமுறையிலோ ஹம்பியும் பாதாமியும், பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு, கால் வலுவாக இருக்கும்போதே மேகாலயா, ராஜஸ்தானுக்கு அதற்கு அடுத்த இடம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அரையாண்டு விடுமுறைக்குப் போகிறவர்கள் அக்டோபர் பிற்பகுதியிலேயே பெங்களூரு வரையிலான டிக்கெட்டையும் ஹம்பி எக்ஸ்பிரஸ் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும். முதல் ரயில் தாமதமானாலும் இரவு ரயிலைப் பிடிக்க, இடையில் குறைந்தது நான்கு மணி நேரமாவது விட்டுக்கொள்ளுங்கள்.