ஸ்பிதிக்கு எந்த வழி: மணாலியா, சிம்லாவா?

இமாசலத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, சதுர கிலோமீட்டருக்கு 2 பேர்தான். ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவுக்கு இரண்டு சாலைகள் போகின்றன.

மணாலி வழி சுமார் 200 கி.மீ. 2020-இல் அடல் சுரங்கம் திறந்தபின் ரோதாங் கணவாய் ஏறும் வேலையும் இல்லை. சரி, சுலபம் என்று நினைத்தால், கிராம்பூ என்ற இடத்தைத் தாண்டியதும் சாலை என்பது பெயருக்குத்தான். சந்திரா ஆற்றோரம் முழுக்கக் கூழாங்கல். காலையில் டயரை மட்டும் நனைக்கும் ஓடை, வெயில் ஏறிப் பனி உருகியதும் பம்பரைத் தொடும். அப்புறம் 4,500 மீட்டருக்கு மேல் குன்சும் கணவாய். ஒரே நாளில் இவ்வளவு உயரம் ஏறினால் தலைவலி நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் கணவாயே மூடிவிடும்.

சிம்லா வழி 400 கி.மீ.க்கு மேல். சட்லெஜை ஒட்டிக் கின்னௌர் வழியாகப் போகும். நிலச்சரிவு உண்டு, ஆனால் பெரும்பாலும் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். கப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. பருவமழை எட்டாத பக்கம் அது. பச்சை மறைந்து மண்நிறம் மட்டும் மிஞ்சும். உயரம் மெல்லக் கூடுவதால் உடம்பும் பழகிவிடும்.

என் ஓட்டு சிம்லாவுக்கே. கோடையென்றால் திரும்பும்போது குன்சும் வழியாக இறங்கலாம், விடியலிலேயே கிளம்பினால்.