டர்போ எஸ்டீமுக்கு வாங்கிய 12 இன்ச் ஸ்பால் ஃபேன்

என் பழைய மாருதி எஸ்டீம் காரில் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) ஏற்றிய நாளிலிருந்து, அவிநாசி ரோடு சிக்னலில் நின்றாலே டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கிவிடும். வேகமாக ஓடினால் தொல்லையில்லை, எதிர்காற்றே ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்ளும்.

முதலில் விலை மலிவான ஒரு ஃபேனை வாங்கி ஏமாந்தேன். பெட்டியில் போட்டிருந்த காற்றளவு பிரமாதம். ஆனால் அது எதிரே எந்தத் தடையும் இல்லாமல் அளந்த கணக்கு. நெருக்கமான ஃபின் (மெல்லிய தகடுகள்) உள்ள தடித்த ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டியதும் அதற்கு மூச்சு வாங்கியது.

அப்புறம்தான் இத்தாலிக்காரர்களின் ஸ்பால் கம்பெனி ஃபேன். எஞ்சின் பக்கம் நின்று காற்றை இழுக்கும் வகை. வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 18 ஆம்பியர் காட்டியது, கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். "பழைய வயர்லயே கொடுத்துடலாம் தம்பி" என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன். நான் விடவில்லை. தனியாகத் தடித்த வயர், ஃபேனை ஆன்-ஆஃப் செய்ய 40 ஆம்பியர் ரிலே, 30 ஆம்பியர் பியூஸ்.

அலுமினியத் தகட்டில் ஒரு ஷ்ரவுடும் அடித்தேன், அதாவது ரேடியேட்டரின் முழுப் பரப்பையும் மூடி ஃபேனோடு இணைக்கும் உறை. அது இல்லாவிட்டால் ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள இடத்தில்தான் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். உண்மையில் பாதி வித்தியாசம் இதனால்தான் என்பேன்.

இப்போது ஃபேன் 92 டிகிரியில் ஓடத் தொடங்கி 87-இல் நிற்கிறது. மே மாத மதியத்திலும் டெம்பரேச்சர் 95-ஐத் தாண்டவில்லை.

சத்தம்தான் குறை. வண்டியை வாசலில் நிறுத்தினால், "யாருடா இந்நேரத்துல மிக்ஸி போடுறது?" என்கிறார் அம்மா.