தைத்த மூட்டைக்குள் இன்னொரு ஜார்: எந்த வழி தாங்கும்?

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவு மென்பொருள் ஒன்று கொழும்பிலிருந்து வந்தது. வந்தது ஒரே ஒரு வார் கோப்பு, அதாவது ஜாவா வலைச் செயலி முழுவதையும் கட்டிய பொதி. அதை ஓட்டும் சேர்வரான டொம்கெட்டின் வெப்ஆப்ஸ் கோப்புறையில் போட்டால் தானே விரிந்து ஓடும். ஆனால் ஆலையின் பழைய கணக்கெல்லாம் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருந்தது. வாரைத் திறந்து பார்த்தால் அதோடு பேசவைக்கும் டிரைவர் உள்ளே இல்லை. அது ஒரு ஜார், அதாவது ஜாவா நூலகக் கோப்பு. கட்டி முடித்த வாருக்கு அதை எப்படிக் கொடுப்பது?

செய்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த டிரைவர், சேர்த்துக் கொடுத்தால் தங்கள் நிரலையும் திறக்கவேண்டி வரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் பல நிறுவனங்கள் அதைத் தங்கள் பொதியில் சேர்ப்பதில்லை. அட்லாசியன் நிறுவனத்தின் ஜிரா, கொன்ஃபுளுவன்ஸ் என்ற செயலிகள்கூட அதை நீங்களே இறக்கிப் போடுங்கள் என்றுதான் சொல்கின்றன. வேடிக்கை என்னவென்றால், ஜிரா தன்னோடு வரும் டொம்கெட்டின் லிப்புக்குள் போடச் சொல்கிறது. கொன்ஃபுளுவன்ஸ் தன் சொந்த நூலகக் கோப்புறையான வெப்-இன்ஃப் லிப்புக்குள் போடச் சொல்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள், இரண்டு பதில்.

நான் முதலில் செய்தது சோம்பேறியின் வழி. டொம்கெட் வாரை விரித்து வைத்திருக்கும் கோப்புறைக்குள் போய், வெப்-இன்ஃப் லிப்பில் ஜாரை வைத்து, மீள ஆரம்பித்தேன். இரண்டு நிமிட வேலை, உடனே ஓடியது. பெரும்போக அறுவடை தொடங்கி இரண்டாம் வாரம் கொழும்பிலிருந்து புதிய வார் வந்தது. இரவோடு இரவாக மாற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் அழைப்பு.

“தம்பி, மூன்று லொறி வாசலில் நிற்கிறது. துண்டு வரவில்லை. நேற்றுவரை ஓடியதுதானே?”

“ஹாஜியார், அரை மணித்தியாலம் தாருங்கள்.”

கல்முனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் லொறி ஐந்தாகியிருந்தது. டொம்கெட்டின் பதிவேட்டில் ஒரே வரி: பொருத்தமான டிரைவர் இல்லை. வார் புதிதானால் டொம்கெட் பழைய விரித்த கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி விரிக்கும். நான் வைத்த ஜார் அதோடு போய்விட்டது. பிழை டொம்கெட்டுடையது அல்ல. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. சோதனைக் கணினியில் ஒரு மணிநேரம் பார்ப்பதற்கு மட்டும் இந்த வழி போதும்.

அடுத்தது, வாரையே பிரித்து ஜாரைச் சேர்த்து மீளக் கட்டுவது. வார் என்பது ஸிப் கோப்புதான். தைத்த மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு படி நெல்லைப் போட்டு மறுபடி தைப்பது போன்ற வேலை. முதல் வழியைவிட மேல், விரித்த கோப்புறை அழிந்தாலும் ஜார் வாரினுள்ளேயே இருக்கும். ஆனால் அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி பிரித்துத் தைக்கவேண்டும், அதை நீங்கள் மறப்பீர்கள். சேர்வரையும் உள்ளே வைத்துக் கட்டும் ஸ்பிரிங் பூட்டின் ஒற்றை ஜாரில் இன்னொரு பொறி உண்டு: உள்ளே இருக்கும் ஜார்கள் சுருக்கப்படாமல் இருக்கவேண்டும். வழக்கமான கட்டளையால் சேர்த்தால் அது சுருக்கித்தான் வைக்கும். நிரல் தொடங்கும்போதே விழுந்துவிடும். சுருக்காதே என்று சுழியக் கொடியை (-0) கொடுத்துச் சேர்க்கவேண்டும்.

இதைச் செய்தே தீரவேண்டிய வேளையும் வரும். 2021 டிசம்பரில் லொக்4ஜே என்ற பதிவெழுதும் நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, புதிய பதிப்புக்கு மாற முடியாதவர்களுக்குச் சொல்லப்பட்ட அவசர வைத்தியம், ஜாரைத் திறந்து ஒரேயொரு கிளாஸை (நிரல் துண்டை) நீக்கிவிடுவதுதான்.

மூலநிரலும் அதைக் கட்டும் கருவியான மேவனும் கையில் இருந்தால் பேச்சே இல்லை: சார்புப் பட்டியலில் ஒரு பதிவைச் சேர்த்துக் கட்டிவிடலாம். மூலநிரல் இல்லாவிட்டாலும், வந்த வாரையே அடித்தளமாக வைத்து அதன்மேல் உங்கள் ஜாரை அடுக்க மேவனின் வார் செருகியில் ‘ஓவர்லே’ உண்டு. அதே பிரித்துத் தைக்கும் வேலைதான், ஆனால் தைப்பது இயந்திரம். ஐந்தாறு ஆலைகளுக்கு ஒரே வாரைப் பராமரிப்பவருக்கு நான் இதையே சொல்வேன்.

டொம்கெட்டின் பொது லிப்பில் போடுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஒரு நிலையில் அது கட்டாயம்: தரவுத்தள இணைப்புகளை டொம்கெட்டே ஜேஎன்டிஐ (வளங்களைப் பெயர் சொல்லிக் கேட்கும் ஜாவா முறை) வழியாகப் பேணினால், டிரைவர் டொம்கெட்டின் கண்ணில் பட வேண்டும்; அப்போது வாருக்குள் வைத்தால் எட்டாது. மற்றபடி எனக்கு இது பிடிப்பதில்லை. அங்கே போட்ட ஜார் அந்தச் சேர்வரில் ஓடும் எல்லாச் செயலிகளுக்கும் பொது. செயலி தன் சொந்த லிப்பை முதலில் தேடி, இல்லாததை மட்டும் பொதுவில் எடுக்கும். ஆனால் பொதுவில் இருக்கும் ஜாருக்குச் செயலியின் உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. டிரைவர் தனித்து நிற்கும் சாமான், பிழைத்துக்கொள்ளும். வேறு நாலு ஜார்களில் தங்கியிருக்கும் ஒன்றைப் போட்டால் அந்த நாலும் பின்னால் வரவேண்டும். பிறகு ஒரு நாள் ஒரே கிளாஸ் இரண்டு இடத்தில் ஏறி, ‘இது அது அல்ல’ என்று ஒரே பெயரை இரண்டு முறை சொல்லிப் பிழை காட்டும். அந்தப் பிழையை முதல் முறை பார்ப்பவர் தன் கண்ணைத்தான் சந்தேகிப்பார்.

ஆலையில் இப்போது இருப்பது வேறு ஏற்பாடு. ஜாரை வாருக்கும் வெளியே, டொம்கெட்டுக்கும் வெளியே ஒரு கோப்புறையில் வைத்தேன். டொம்கெட்டின் கொன்ஃப் கோப்புறைக்குள் அந்தச் செயலியின் பெயரில் கொன்டெக்ஸ்ட் கோப்பு (செயலிக்கான அமைப்புக் கோப்பு) ஒன்றை எழுதி, ‘போஸ்ட்ரிசோர்சஸ்’ என்ற பகுதியில் அந்தக் கோப்புறையை வெப்-இன்ஃப் லிப்பாகவே ஏற்றச் சொன்னேன். செயலிக்கு ஜார் தன் வீட்டுக்குள் இருப்பதாகவே தெரியும். வேறு செயலி எதுவும் அதைத் தொடாது. டொம்கெட் 8 முதல் இந்த வசதி இருக்கிறது. ஸ்பிரிங் பூட்டுக்கு இதன் இணை, வெளியே உள்ள ஜாரையும் ஏற்றும் பிரொப்பர்ட்டீஸ் லோஞ்சரும் அதற்கு இடம் காட்டும் ‘லோடர்.பாத்’தும். சாதாரண முறையில் ஜாரை ஓட்டினால், வெளியே கொடுக்கும் கிளாஸ்பாத்தை (ஜார்களைத் தேடும் இடங்களின் பட்டியலை) ஜாவா திரும்பியும் பாராது.

இதிலும் ஒரு குழி. டொம்கெட்டின் நிர்வாகப் பக்கத்தில் செயலியை நீக்கும் ‘அன்டிப்ளோய்’ பொத்தானை அழுத்தினால், வாரோடு அந்தக் கொன்டெக்ஸ்ட் கோப்பும் அழியும். ஜார் தப்பும், அதற்கு வழிகாட்டிய கை போய்விடும். ஆகவே ஜார் இருக்கும் கோப்புறையிலேயே கொன்டெக்ஸ்டின் பிரதி ஒன்றையும் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: டிரைவர் செயலியின் லிப்பில் இருக்கும்போது டொம்கெட்டில் அது தானாகப் பதிவாகும் என்று நம்பாதீர்கள். அமைப்புக் கோப்பில் டிரைவர் கிளாஸின் பெயரை எழுதிவிடுங்கள். மைஎஸ்கியூஎல் டிரைவரின் 8ஆம் பதிப்பிலிருந்து அந்தப் பெயரின் நடுவே ‘சிஜே’ என்ற துண்டு நுழைந்திருக்கிறது. பழைய குறிப்புகளில் அது இராது.

சிறுபோக அறுவடைக்கு முன் மறுபடி புதிய வார் வந்தது. மாற்றினோம். காலை ஏழு மணிக்கு ஹாஜியார் அழைத்தார், எனக்கு நெஞ்சு திக்கென்றது. பிரிண்டருக்கு ரிப்பன் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.