சி.பி. (பெருமூளை வாதம்) குழந்தைக்கு 'முதுகெலும்பு சரிசெய்தல்' பேக்கேஜ்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

கல்யாண மண்டபத்தில் இலவச முகாம், 'மருந்தில்லா நரம்பு சிகிச்சை' என்று பேனர், வாட்ஸ்அப்பில் நெட்டி முறிக்கும் வீடியோ. சேலத்தில் இப்படி ஆள் பிடிக்கும் ஒரு கைரோபிராக்டிக் (கையால் முதுகெலும்பை அழுத்தி, திருகி நெட்டி எடுக்கும் முறை) மையத்தில், ஏற்காடு மலைக் கிராமத்துக் குடும்பம் ஒன்று தங்கள் மூன்று வயது சி.பி. குழந்தைக்காக 36 சிட்டிங்குக்கு 54,000 ரூபாயை முன்பணமாகக் கட்டி ஏமாந்திருக்கிறது. அவர்களிடம் இருந்த ரசீது, எக்ஸ்ரே, ஸ்கேன் தாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம். மையத்தின் பெயரைப் போடவில்லை. போர்டு மாறலாம், வழிமுறை மாறாது.

முகாமில் முதல் வேலை, குழந்தையின் முதுகில் ஒரு கருவியை உருட்டித் திரையில் சிவப்பைக் காட்டுவது. "சிவப்பா இருக்கிற இடமெல்லாம் நரம்பு அடைபட்டிருக்கும்மா." அந்தக் கருவி அளப்பது தசையின் மின்னோட்டத்தை அல்லது தோலின் சூட்டை. சி.பி. குழந்தைகள் பலருக்கு விழித்திருக்கும்போது தசை இறுகித்தான் இருக்கும், அழுதால் இன்னும் இறுகும். சிவப்பு வராமல் என்ன வரும்? குழந்தை தூங்கும்போது மறுபடி எடுக்கச் சொல்லிப் பாருங்கள், படமே வேறாக இருக்கும்.

அடுத்து கழுத்து எக்ஸ்ரே. "ரெண்டாவது எலும்பு முன்னாடி நகர்ந்திருக்கு" என்றார்களாம். எட்டு வயதுக்குள் இரண்டாம் கழுத்தெலும்பு மூன்றாவதன் மேல் லேசாக முன்தள்ளித் தெரிவது பல குழந்தைகளிடம் இயல்பு. குழந்தை எக்ஸ்ரே பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் யாரும் அதை நோய் என்று எழுதமாட்டார். எழுத்தில் ரிப்போர்ட் கேளுங்கள். இந்தக் குடும்பத்துக்கு வாய்வார்த்தை மட்டும்தான் கிடைத்தது.

பெரிய சேதம் நடந்தது காலில். குழந்தையைக் குப்புறப் போட்டு இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, "இடது கால் குட்டை, இடுப்பு திரும்பியிருக்கு" என்று சொல்லி, சிட்டிங் முடிந்ததும் 'சமமாக்கி' காட்டியிருக்கிறார்கள். குப்புறப் படுத்த குழந்தையின் ஒரு காலைச் சற்று இழுத்துப் பிடித்தாலே நீளம் மாறிவிடும். ஆனால் அந்தக் கால் உண்மையிலேயே குட்டையாகத்தான் இருந்தது. தொடையின் உள்பக்கத் தசை இறுகி இழுக்க இழுக்க, தொடை எலும்பின் பந்து இடுப்புக் குழியிலிருந்து மெல்ல வெளியே நழுவும். சி.பி. குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இது வரும். ஆரம்பத்தில் வலியே இருக்காது. டயபர் மாற்றத் தொடை விரியாது. மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு முழங்காலையும் மடக்கினால் ஒரு முட்டி தாழ்ந்து தெரியும். இதைப் பார்த்ததும் எடுக்கவேண்டியது இடுப்பு எக்ஸ்ரே: மல்லாந்த நிலையில், கால்கள் இணையாக, முட்டிச்சில் மேல்நோக்கி. பந்து 30 சதவீதத்துக்கு மேல் வெளியே இருந்தால் எலும்பு டாக்டரிடம் போயாக வேண்டும். நடக்காத குழந்தைக்கு ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை இந்தப் படம் தேவை.

மையத்தில் கழுத்தைப் படம் எடுத்தார்கள், இடுப்பை எடுக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி இரண்டு இடத்துக்கும் அலைய முடியாமல் வழக்கமான பிசியோவும் நின்றுபோனது. எட்டு மாதம் கழித்து எடுத்த படத்தில் பந்து பாதி வெளியே. இப்போது ஆபரேஷன் பேச்சு.

சி.பி.யில் பாதிப்பு மூளையில். முதுகில் எடுக்கும் நெட்டி அங்கே போய்ச் சேராது. பெரியவர்களின் கீழ்முதுகு வலிக்குக் கைரோபிராக்டிக் ஓரளவு உதவலாம், அதை மறுக்கவில்லை. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. சிறு குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்துத் தசைநார் தளர்வு. டவுன் சிண்ட்ரோம், தலையில் நீரை வடிக்கும் ஷன்ட் குழாய், கியாரி குறைபாடு (மூளையின் அடிப்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருப்பது) இருந்தால் கழுத்தைத் திருகவே விடாதீர்கள். நடக்காத குழந்தையின் எலும்பு வலுவற்றது, நெடுநாள் வலிப்பு மாத்திரை அதை இன்னும் மெலிய வைக்கும். அழுத்தினால் முறியலாம். ஆஸ்திரேலியாவில் 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதுகெலும்பைத் திருகக் கூடாதென்று கைரோபிராக்டிக் வாரியமே 2019இல் இடைக்காலத் தடை போட்டது. இந்தியாவில் இந்தத் தொழிலுக்கென்று தனிப் பதிவுக் குழுமமே கிடையாது.

"வலிப்பு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம்" என்று மையத்தில் யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வாருங்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் விடாத வலிப்பில் கொண்டுபோய் விடலாம். கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து, கையை விரித்து, அடுத்தடுத்துத் திடுக்கிட்டால் உரம் விழுந்ததென்று சேலையில் உருட்டவோ நெட்டி எடுக்கவோ வேண்டாம். வெஸ்ட் சிண்ட்ரோமாக (கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு) இருக்கலாம். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அதே நாள் குழந்தை நரம்பியல் டாக்டரிடம் காட்டி ஈ.ஈ.ஜி. (மூளை மின்னலைப் பரிசோதனை) எடுங்கள். சிகிச்சை தள்ளத் தள்ள மூளை வளர்ச்சி அடிபடும்.

மலையில் இருப்பவர்கள் அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) குழுவிடம் சொன்னால் டி.ஈ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள், செலவில்லை. தனியார் பிசியோவுக்குப் போனாலும் மாதம் ஒருமுறை இலக்கு என்ன, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். சிட்டிங்குக்குச் சிட்டிங் பணம் கொடுங்கள், மொத்தமாகக் கட்டாதீர்கள்.

கட்டிவிட்டவர்களுக்கு: 'ரீஃபண்ட் இல்லை' என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் சட்டம் முடிந்துவிடாது. ஜிபே ஸ்கிரீன்ஷாட், விளம்பர வீடியோ, எக்ஸ்ரே ஃபிலிம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் பதிவுத் தபாலில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்குமேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். மருத்துவமனைப் பதிவுச் சான்று சுவரில் இல்லாவிட்டால் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்குத் தனியாக ஒரு புகார். இந்தக் குடும்பத்தின் ரசீதில் 'சிகிச்சை' என்ற சொல்லே இல்லை, 'வெல்னஸ் சர்வீஸ்' என்று இருக்கிறது. 'சிகிச்சை' என்று சொல்லி ஆள் பிடித்ததற்கு விளம்பர வீடியோதான் சாட்சி, அதனால்தான் அதை அவர்கள் அழிக்குமுன் சேமிக்கச் சொல்கிறோம்.