முலாம் பூசிய பழைய ராணுவப் பிஸ்டலைப் புதுப்பிக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் பழைய ராணுவக் கைத்துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கான எச்சரிக்கை இது. அண்மையில் ஒருவர், நிக்கல் முலாம் பூசிய ரெமிங்டன் ராண்ட் எம்1911ஏ1 பிஸ்டல் ஒன்றை ஒரு பட்டறையில் கொடுத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இருந்த சாம்பல் நிறத்துக்கே கொண்டுவந்துவிடுவோம் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். பல மாதம் கழித்துத் திரும்பி வந்ததைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

நிறம் என்னவோ சாம்பல்தான். ஆனால் பிரேமின் (கைப்பிடியோடு சேர்ந்த உடல்பகுதி) வலப்பக்கத்தில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ப்ராப்பர்ட்டி' என்ற எழுத்துகளில் பாதி, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகின்றன. ஆய்வு அதிகாரியின் 'எஃப்.ஜே.ஏ.' முத்திரை வெறும் நிழலாக இருக்கிறது. ஸ்லைடின் (சுடும்போது பின்னால் நகரும் மேல்பகுதி) தட்டைப் பக்கமும் வளைந்த மேற்பக்கமும் சந்திக்கும் கோடு, சோப்புக்கட்டி ஓரம் போல மழுங்கியிருக்கிறது. விசைக் காப்பு வளைவின் உள்மூலையில் ஒரு வெள்ளைத் திட்டு. ஹை ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் 'எச்.எஸ்.' அடையாளம் இருந்த குழலைக் காணவில்லை. அந்த இடத்தில் அடையாளமே இல்லாத புதுக் குழல் ஒன்று. கேட்டதற்கு வந்த பதில்: "முலாம் போட்டவன்தான் தேய்த்திருக்கிறான், நாங்கள் இல்லை."

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இது இன்னும் பெரிய ஏமாற்று. விஷயம் தெரிந்த பட்டறைக்காரர் பிஸ்டலைக் கையில் வாங்கியதுமே அதைச் சொல்லியிருப்பார்.

முலாம் போடுகிறவர் இரும்பை முதலில் கண்ணாடி போலத் தேய்த்தாக வேண்டும். கீறலோ குழியோ இருந்தால் முலாம் அதை மறைக்காது, இன்னும் பளிச்சென்று காட்டும். எனவே துணிச்சக்கரத்தில் அரைக்கும் பசை தடவி அழுத்தித் தேய்ப்பார்கள். எழுத்துகள் ஆழம் குறைவது, திருகுத் துளைகளின் விளிம்பு கிண்ணம் போலக் குழிவது, ஓரங்கள் உருண்டுபோவது எல்லாம் அப்போதே நடந்து முடிந்துவிடுகின்றன. அதன்மேல் ஏறும் செம்பும் நிக்கலும் சேர்ந்தால்கூட ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அதைக் கழற்றினால் அடியில் கிடைப்பது தேய்ந்த இரும்பு. எந்த ரசாயனமும் போன இரும்பைத் திருப்பித் தராது.

ஆகவே, புதுப்பிக்கலாமா என்று யோசிக்கும் முன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுங்கள். தொழிற்சாலையில் எழுத்தை உருட்டியோ அடித்தோ பதிக்கும்போது இரும்பு ஒதுங்கி, எழுத்தின் இருபுறமும் மெல்லிய மேடு எழும்பும். விரல்நுனி எழுத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனால் அந்த மேட்டைச் சக்கரம் தின்றுவிட்டது என்று பொருள். பிறகு கைப்பிடிப் பலகைகளைக் கழற்றுங்கள். பலகைக்கு அடியில் யாரும் அவ்வளவு அக்கறையாகத் தேய்ப்பதில்லை. அங்கே எந்திரம் வெட்டிய கோடுகள் தெரிந்து, வெளியே தெரியவில்லை என்றால், எவ்வளவு இரும்பு போயிருக்கிறது என்பதற்கு அந்த வேறுபாடே அளவு. ரெமிங்டன் ராண்ட் போன்ற போர்க்காலத் தயாரிப்புகளில் அந்த வெட்டுக்கோடுகள் சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சைத் தாண்டியும் தெரிய வேண்டும். பளபளப்பாகத் தேய்த்த பரப்பில் மணல் அடித்துச் சாம்பல் நிறம் ஏற்றினால், பழகிய கண் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும்.

அந்த வெள்ளைத் திட்டுக்குக் காரணம், மூலையில் எஞ்சியிருந்த நிக்கல். அந்தச் சாம்பல் பூச்சை ஏற்றும் பார்க்கரைசிங் என்பது 90 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பாஸ்பேட் கரைசலில் இரும்பை முக்குவது. அந்தக் கரைசல் இரும்போடுதான் வினைபுரியும், நிக்கலைத் தொடாது. சூடான உப்புக் கரைசலில் இரும்பைக் கருநீலமாக்கும் புளூயிங்கும் அப்படியே. நிக்கல் முழுவதும் போய்விட்டதா என்று பார்க்க மலிவான சோதனை உண்டு: மயில்துத்தக் கரைசலை ஒரு சொட்டு வையுங்கள். வெறும் இரும்பாக இருந்தால் உடனே செம்பு நிறம் படியும், நிக்கல் மேல் படியாது. இதைச் செய்யாமலே முக்கி எடுக்கிற பட்டறை வேலை தெரியாத பட்டறை.

முலாம் கழற்றும் முறையிலும் ஏமாறுகிறார்கள். மணலை வேகமாக அடித்து நிக்கலை உரிப்பது அவசரக்காரர் வழி. எழுத்தில் மிச்சமிருந்ததும் அதோடு போகும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போடுவது இன்னொரு வழி. நிக்கலுக்கு மேல் குரோம் பூசியிருந்தால் அது குரோமைக் கரைக்கும், பிறகு இரும்பையும் அரிக்கும். போதாததற்கு ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, கடினப்படுத்திய பாகங்களை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். முறையாகச் செய்பவர்கள் குரோமைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் எதிர்மின்னோட்டம் கொடுத்து எடுப்பார்கள். நிக்கலை அடர்ந்த கந்தக அமிலத்தில் அதேபோல எடுப்பார்கள், அல்லது இரும்பைத் தொடாத தனிக் கரைசல் வைத்திருப்பார்கள். கந்தக அமிலத் தொட்டியில் தண்ணீர் சேர்ந்தால் அது இரும்பில் குழி போடும். முந்தின கழுவலின் ஈரத்தோடு பாகத்தைத் தொட்டிக்குள் விடுவதால் நிறைய ஸ்லைடுகள் பாழாகியிருக்கின்றன. வீட்டில் இதை முயல வேண்டாம். குரோமைக் கழற்றிய காஸ்டிக் சோடாக் கரைசலில் ஆறிணை குரோமியம் இருக்கும், அது புற்றுநோய் தரக்கூடியது.

எம்1911 வகைப் பிஸ்டலில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது எக்ஸ்ட்ராக்டர், அதாவது சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி. அது ஒரு பாகமாகவும் இருந்து, தானே ஸ்பிரிங்காகவும் வேலை செய்வது. அமிலம் பட்ட எக்ஸ்ட்ராக்டர் இன்று நன்றாக இருக்கும், ஒரு நாள் சுடும்போது கொக்கி உடையும். சியர் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் பாகம்), ஹேமர் (அடிக்கும் சுத்தி), மூன்று இலை கொண்ட சியர் ஸ்பிரிங், மற்ற ஸ்பிரிங்குகள் எதுவும் அமிலத்துக்குப் போகக்கூடாது. ஏற்கெனவே முலாம் பூசியிருந்தால் அவற்றை மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. சியர் பொருந்தும் வெட்டில் முலாம் உதிர்ந்தால் ஹேமர் தானாக விழும் ஆபத்தும் உண்டு. அமிலத்திலிருந்து எடுத்த கடினப்படுத்திய பாகங்களை 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, சுமார் 190 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 மணி நேரம் சூடேற்ற வேண்டும். "அடுப்பில் வைத்துச் சூடேற்றுவீர்களா?" என்று கேளுங்கள். கேள்வி புரியாமல் விழித்தால் பிஸ்டலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இன்னொன்று: பிரேமில் அடித்து இறுக்கிய பிளஞ்சர் குழாய்க்கு (சிறு ஸ்பிரிங் இருக்கும் குழாய்) அடியிலும் கைப்பிடித் திருகுகளின் புஷ்ஷுகளுக்கு அடியிலும் அமிலம் தங்கும். நன்றாக நடுநிலையாக்கிக் கொதிநீரில் அலசாவிட்டால், சில மாதம் கழித்து அந்த இடங்களிலிருந்து துரு கசிந்து வரும்.

இதைவிட மோசமானது, அழிந்த எழுத்தைப் 'புதுப்பிப்பதாக'ச் சொல்லித் திரும்ப அடித்துத் தருவது. ராணுவ முத்திரைகளைப் புதிதாக அடித்த பிஸ்டலை நேர்மையான சேகரிப்பாளர் போலி வரிசையில்தான் வைப்பார். சீரியல் எண்ணில் கைவைத்தால் விவகாரம் விலையோடு நிற்காது. எண் அழிக்கப்பட்ட அல்லது மாற்றப்பட்ட துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி குற்றம். அதேபோல, கார் பம்பருக்கு முலாம் போடும் கடையில் பிரேமை விட்டுவிட்டு வராதீர்கள். துப்பாக்கி வேலையைத் தொழிலாகச் செய்து, அதை வாங்கி வைத்துக்கொள்பவருக்கு ஃபெடரல் உரிமம் வேண்டும், பதிவேட்டில் வரவு எழுத வேண்டும். உரிமம் உள்ளவருக்கு நீங்களே அனுப்பலாம், அவரும் உங்களுக்கே நேராகத் திருப்பி அனுப்பலாம்.

வாங்கும்போதே ஏமாறுவது தனிக்கதை. 'தொழிற்சாலையே நிக்கல் போட்டது', 'ஜெனரல் வைத்திருந்தது' என்று விலை ஏற்றுவார்கள். போருக்குப் பிறகு திரும்பிய சிப்பாய்கள் பலர், நினைவாகக் கொண்டுவந்த லூகர், வால்தர் பிஸ்டல்களுக்கு ஊர்க் கடையில் நிக்கலோ குரோமோ போட்டார்கள். பெரும்பாலானவை அந்த வகைதான். ஜெர்மன் ராணுவத்துக்குப் போன லூகர் எதுவும் குரோமோடு வெளிவந்ததில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் என்றால் ஹேமரையும் விசையையும் பாருங்கள். அந்த நிறுவனம் நிக்கல் ரிவால்வர்களிலும் அவ்விரண்டையும் முலாம் பூசாமல், வண்ணம் ஓடிய கடினப் பரப்போடே விட்டது. அவையும் வெள்ளையாக மின்னினால் வெளியே பூசியது. கோல்ட் (Colt), ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகிய இரு நிறுவனங்களின் துப்பாக்கிகளுக்குமே கட்டணம் கட்டி ஆவணக் கடிதம் வாங்கலாம். முதலில் என்ன பூச்சோடு அனுப்பப்பட்டது என்று அதில் வரும். விற்பவர் அந்தக் கடிதத்தைக் காட்டவில்லையென்றால் சாதாரண முலாம் பூசிய பிஸ்டலின் விலைக்கு மேல் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள்.

குரோம் பூசிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'விக்டரி' ரிவால்வர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். 1942 முதல் 1945 வரை வந்தவை அவை, எண்ணுக்கு முன்னால் 'வி' இருக்கும். பிரிட்டனுக்குப் போனவை .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கானவை. போருக்குப் பிறகு அவற்றில் பலவற்றைக் குழலை வெட்டி, குரோம் பூசி, .38 ஸ்பெஷல் என்ற நீளமான வேறு தோட்டா போகும்படி, தோட்டா அமரும் அறையைக் குடைந்து விற்றார்கள். பழைய தோட்டாக்கூட்டின் விட்டம் 0.386 அங்குலம், ஸ்பெஷலுடையது 0.379. அறையின் பின்பகுதி அகலமாகவே இருப்பதால் சுட்ட கூடு உப்பும், சில நேரம் பிளக்கும். மேல்பூச்சைப் புதுப்பித்தாலும் இது சரியாகாது. அதைச் சுடாதீர்கள்.

இனி, எதைப் புதுப்பிக்கலாம்? எம்1911ஏ1 பிஸ்டலை ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் 8 லட்சத்துக்கு மேல் செய்தது, இத்தாக்கா நிறுவனம் 3 லட்சத்துக்கு மேல். முலாம் பூசிய ஒன்றைச் சீராக்கச் செலவழித்தாலும் அது சந்தையில் 'திரும்பப் பூசியது' என்றே நிற்கும், போட்ட பணம் திரும்பாது. யூனியன் ஸ்விட்ச் நிறுவனம் 55,000 மட்டும் செய்தது. எழுத்து கூர்மையாக இருந்தால் யோசிக்கலாம். சிங்கர் நிறுவனம் செய்தது மொத்தமே 500, எண்கள் எஸ்800001 முதல். அப்படி ஒன்று கிடைத்தால் எந்தத் திரவமும் படாமல், அந்த வகையை நேரில் பார்த்துப் பழகியவரிடம் முதலில் காட்டுங்கள், போலியும் நிறைய. எதிரியிடம் கைப்பற்றியதை ஊருக்குக் கொண்டுபோகச் சிப்பாயின் பெயரில் ராணுவம் தந்த அனுமதிச் சீட்டு கூடவே இருக்கும் பிஸ்டலில் முலாமும் அந்த வரலாற்றின் பகுதி, அதை அப்படியே விடுவதே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து.

கொடுத்தே தீர வேண்டும் என்றால், எல்லா எழுத்துகளையும் அளவுகோல் வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். குழல், ஹேமர், ஸ்லைடு ஸ்டாப், மெயின்ஸ்பிரிங் ஹவுசிங் ஒவ்வொன்றின் அடையாளத்தையும் எழுதி, பட்டறைக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள். எழுத்துள்ள பரப்பில் சக்கரம் படாது, மணலடித்து முலாம் உரிக்க மாட்டோம், எதையும் திரும்ப அடிக்க மாட்டோம், கழற்றிய பாகம் அனைத்தும் திரும்ப வரும் என்ற நான்கும் தாளில் இருக்க வேண்டும். ஸ்பிரிங்குகளும் எக்ஸ்ட்ராக்டரும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்படியே வைத்துக்கொள்பவர்கள் அம்மோனியா கலந்த குழல் சுத்திகரிப்பானை நிக்கல் மேல் ஊறவிடாதீர்கள். நிக்கல் பெயர்ந்த இடம் வழியாக அது அடியிலுள்ள செம்பைத் தின்று, நல்ல பகுதியையும் தூக்கிவிடும். சாதாரணத் துப்பாக்கி எண்ணெய் துடைத்து, மேலே மெல்லிசாக மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு போதும். தோல் உறைக்குள் வைத்துப் பெட்டியில் பூட்டாதீர்கள். தோலில் இருக்கும் உப்பும் ஈரமும் நாளடைவில் முலாமுக்கு அடியில் துருவைக் கிளப்பிவிடும்.