லேவுக்கு ஒரு வாரம்: விமானமா, சாலையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் திருவிழா முடிந்த கையோடு அத்தையும் மாமாவும் கேட்டார்கள்: லடாக்கின் லே நகருக்கு டெல்லியிலிருந்து பறப்பதா, ஸ்ரீநகரிலிருந்து காரில் போவதா? இரண்டு வழியிலும் போயிருக்கிறேன்.

நேரம்
விமானம்: சுமார் ஒன்றரை மணி நேரம்.
சாலை: ஏறக்குறைய 420 கிலோமீட்டர். கார்கிலில் ஓர் இரவு தங்கி, இரண்டு நாள்.

உடம்பு
இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்து ஈரக்காற்றில் வளர்ந்தவர்கள் நாம்.
விமானம்: உடம்பு பழக அவகாசமே இல்லை. பெட்டியைத் திறந்தால், கொண்டுபோன முறுக்குப் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருந்தது. விடுதியின் பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. இரண்டு நாள் ஓய்வு கட்டாயம். அப்புறம் மிச்சமான நேரம் எங்கே?
சாலை: ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் சுமார் 2,700. படிப்படியாக ஏறுவதால் எனக்குத் தலைவலி குறைவு. லேயில் ஒரு நாளாவது மெதுவாக நடமாடுங்கள்.

காட்சி
விமானம்: சன்னலோரம் பனிமலைகள்.
சாலை: சோஜி லா மலைக் கணவாயைத் தாண்டியதும் பச்சை மறைந்து மண்மலைகள், வழியில் லாமாயூரு புத்த மடம்.

பனிக்காலத்தில் சோஜி லா அடைபடும், அப்போது விமானம்தான். நீண்ட நேரம் காரில் உட்கார முடியாதவர்களுக்கும் அதுவே சரி, ஆனால் ஓய்வு நாளை வெட்டக் கூடாது. அத்தைக்கும் மாமாவுக்கும் நான் சொன்னது: ஜூலையில் காரில் ஏறுங்கள், விமானத்தில் திரும்புங்கள். லேயிலிருந்து பாங்கோங் ஏரிக்குப் போக வெளிநாட்டினருக்குத் தனி அனுமதி வேண்டும். லே போய்ச் சேர்ந்த முதல் நாளே பயண முகவரிடம் கடப்பிதழைக் கொடுத்துவிடுங்கள்.